செதில் பூச்சியும் புல்வெளித் தீயும்

1914இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ஒரு மரத்தை வெட்டுவதற்கென்றே சட்டம் போட்டது. மரத்தின் பெயர் செஞ்சீடார். ஆப்பிள் தோட்டத்துக்குப் பக்கத்தில் அது நின்றால், யாருடைய நிலத்தில் நின்றாலும் சரி, அரசு அதிகாரி வந்து வெட்டச் சொல்லலாம். மரத்துக்கு நஷ்டஈடு கிடையாது. வீட்டைச் சுற்றி அழகுக்காக வளர்த்த செஞ்சீடார்களை இழக்க மனமில்லாத மில்லர் என்ற நில உரிமையாளர் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1928இல் தீர்ப்பு வந்தது: இரண்டு சொத்துகளில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், பொதுநலம் கருதி எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்ய அரசுக்கு உரிமை உண்டு. ஆப்பிள் வென்றது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது.

மரத்தின் மேல் இருந்த குற்றச்சாட்டு ஒரு பூஞ்சை. ஆப்பிள் இலையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் தெரியும் அந்தத் துரு நோய், ஓர் ஆப்பிள் மரத்திலிருந்து இன்னோர் ஆப்பிள் மரத்துக்கு நேராகத் தாவாது. இடையில் செஞ்சீடாரில் தங்கி, அதன் கிளைகளில் முடிச்சுகளாக வளர்ந்து, வசந்த கால மழையில் கூழ் போன்ற கொம்புகளை நீட்டி, அங்கிருந்துதான் மறுபடி ஆப்பிளுக்குப் போகும். செஞ்சீடார் இல்லையென்றால் சங்கிலி அறுந்துவிடும்.

அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வட அட்லாண்டிக்கில் பெர்முடா இருக்கிறது. அங்கே இந்த மரத்தின் நெருங்கிய உறவு ஒன்று வளர்கிறது. அதை மனம்போல வெட்டக் கூடாது, ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அந்தத் தீவினர் 17ஆம் நூற்றாண்டிலேயே கட்டுப்பாடுகள் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று, இனங்களின் அழிவு அபாயத்தைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் வர்ஜீனியாவின் மரம் ‘கவலை குறைந்தது’ என்ற வரிசையிலும், பெர்முடாவின் மரம் ‘அழிவின் விளிம்பில்’ என்ற வரிசையிலும் இருக்கின்றன. அபாய வரிசையில் ஒன்று கடைசிப் படி, மற்றது முதல் படி. மரங்களை மட்டும் பார்த்தால் இவ்வளவு தூரம் விலகுவதற்குக் காரணம் எதுவும் தெரியாது.

இரண்டுமே ஜூனிப்பர் என்ற மரப் பேரினத்தைச் சேர்ந்தவை. உண்மையான சீடார் இனத்தோடு இவற்றுக்கு நேரடி உறவு இல்லை. நறுமணமும் செந்நிறக் கட்டையும் பார்த்து ஐரோப்பியக் குடியேறிகள் சூட்டிய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஒரே நூலில் இரண்டுக்கும் அறிவியல் பெயர் கொடுத்தார்: ஜூனிபெரஸ் வர்ஜீனியானா, ஜூனிபெரஸ் பெர்முடியானா. செஞ்சீடாரில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. இரண்டிலும் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகிறது. நீலம் பூத்த சிறு பழங்கள் குலுங்கும். தாவரவியலாளர் இவற்றைப் பழம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். சதைப்பற்றுள்ள கூம்பு என்பார். பறவைகளுக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை. சதையைச் செரித்து விதையை எச்சத்தோடு போட்டுவிடுகின்றன. அமெரிக்காவில் இந்தப் பழத்தைக் கூட்டமாக வந்து தின்னும் ‘சீடார் வேக்ஸ்விங்’ என்ற பறவை, மரத்தின் பெயரையே தன் பெயரில் சுமக்கிறது.

பெர்முடா எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. கடலடியில் எழுந்த எரிமலை மேட்டின் தலையில் சுண்ணாம்புக் கல் படிந்து உண்டான நிலம் அது. மொத்தப் பரப்பு 53 சதுர கிலோமீட்டர். அங்கே ஒரு ஜூனிப்பர் வந்து சேர வேண்டுமானால் பறவையின் வயிற்றில் வந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான ஊகம். வந்தது ஊன்றிக்கொண்டது. உப்புக் காற்றையும் ஆழமில்லாத மண்ணையும் தாங்கி, தலைமுறை தலைமுறையாகத் தனித்து வளர்ந்து, தனி இனமாகவே ஆகிவிட்டது. மனிதர் கால் வைத்தபோது தீவின் பெரும்பகுதி இந்த ஒரே மரத்தின் காடு. இந்த ‘ஒரே மரம்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1609இல் வர்ஜீனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘சீ வென்ச்சர்’ என்ற ஆங்கிலேயக் கப்பல் புயலில் சிக்கிப் பெர்முடாவின் பவளப் பாறைகளில் மோதியது. சுமார் 150 பேர் கரையேறினார்கள். பத்து மாதம் தங்கி, உள்ளூர்ச் சீடாரை அறுத்து இரண்டு புதுக் கப்பல்கள் கட்டி, 1610இல் வர்ஜீனியாவுக்கே போய்ச் சேர்ந்தார்கள். அவற்றில் சிறியதான ‘பேஷன்ஸ்’ முழுக்க முழுக்கச் சீடார். அதில் இருந்த இரும்பு, அடிக்கட்டையில் அடித்த ஒரே ஓர் ஆணி என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஒரு மரத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை. எளிதில் மக்காது, புழு அரிக்காது, எடையும் குறைவு.

பிறகு குடியேறியவர்கள் முதலில் காட்டை அழித்துப் புகையிலை போட்டார்கள். 1684இல் தீவை நடத்திவந்த வணிகக் கம்பெனியின் உரிமம் ரத்தானதும் பெர்முடாக்காரர்கள் நிலத்தை விட்டுக் கடலைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் கட்டச் சீடார் வேண்டும். புகையிலை நிலங்கள் மறுபடி சீடார் காடாயின. அவர்கள் கட்டிய வேகமான பாய்மரக் கப்பல்கள் அட்லாண்டிக் முழுவதும் பெயர் பெற்றன. தோப்பு வைத்திருப்பது சேமிப்பு வைத்திருப்பது போல. வீடு, பெட்டி, தொட்டில், சவப்பெட்டி எல்லாம் அதே கட்டை. ஒரு சமூகம் தான் சார்ந்திருக்கும் மரத்தை மூன்று நூற்றாண்டுகள் ஓரளவு கணக்காகப் பயன்படுத்திக் காப்பாற்றியும் வந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இனங்கள் அழிவதென்றாலே மனிதனின் பேராசைதான் காரணம் என்று எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. பெர்முடாவில் கோடரி அந்த மரத்தை அழிக்கவில்லை.

அழித்தவை, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் இரண்டு செதில் பூச்சிகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த நாற்றுகளோடு தவறுதலாக வந்து சேர்ந்தன. செதில் பூச்சியின் பெண் ஒரு மெழுகு ஓட்டுக்குள் ஒடுங்கி, இலையில் ஊசி போன்ற வாயைச் செருகி, வாழ்நாள் முழுக்க நகராமல் சாற்றை உறிஞ்சும். குஞ்சுப் பருவத்தில் மட்டும் நடக்கும். காற்று அடித்தால் அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும். அமெரிக்க நிலப்பரப்பில் இவற்றைத் தின்ன வண்டுகளும், இவற்றின் உடலில் முட்டையிடும் நுண்குளவிகளும் உண்டு. ஒரு ஜூனிப்பருக்கும் அடுத்த ஜூனிப்பருக்கும் நடுவே ஓக்கும் பைனும் நிற்கும். பெர்முடாவில் எதிரியும் இல்லை, இடைவெளியும் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அடுத்து இருப்பது சீடார்தான்.

1940களின் நடுவில் இலைகள் பழுப்பாயின. 1950களின் நடுவில் காட்டின் பெரும்பகுதி செத்துவிட்டது. 1978க்குள் நூற்றுக்கு 99 மரங்கள் போய்விட்டன. எண்ணிக்கையில் சுமார் 80 இலட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். கட்டை எளிதில் மக்காததால் செத்த மரங்கள் விழவும் இல்லை. வெளுத்த எலும்புகளாக மலைச்சரிவெல்லாம் ஆண்டுக்கணக்கில் நின்றன.

இதைத் தடுக்க நடந்த முயற்சிகள் உயிரியல் கட்டுப்பாட்டுப் பாடநூலில் ஒரு தனி அத்தியாயத்துக்குத் தகுதியானவை, பெருமைக்குரிய அத்தியாயமாக அல்ல. செதில் பூச்சியைத் தின்னப் பொறிவண்டுகளை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்து விட்டார்கள். தீவில் ஏற்கெனவே ஜமைக்காவிலிருந்து 1905இல் கொண்டுவந்து விட்ட அனோல் பல்லிகள் இருந்தன. அவையே பழ ஈயை ஒழிப்பதற்காக வந்தவை. பல்லிகள் பொறிவண்டுகளை ருசி பார்த்தன. சரி, பல்லியைத் தின்னட்டும் என்று 1957இல் டிரினிடாடிலிருந்து கிஸ்காடி என்ற பெரிய அலகுப் பறவைகளைக் கொண்டுவந்தார்கள். கிஸ்காடி பல்லியை மட்டும் தின்றுகொண்டிருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? பழத்தோட்டங்களில் புகுந்தது, மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் எடுத்தது. பல்லிகளும் குறையவில்லை, செதில் பூச்சியும் ஒழியவில்லை. கிஸ்காடி இன்று பெர்முடாவின் மிகச் சத்தமான பறவைகளில் ஒன்று.

மொட்டையான தீவைக் கடற்காற்றிலிருந்து காக்க வேகமாக வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. கொண்டுவந்தது எதை தெரியுமா? நம் கடலூர், நாகப்பட்டினம் கடற்கரைகளில் வரிசை வரிசையாக நிற்கும் அதே சவுக்கை. தமிழ்நாட்டில் விறகுக்கும் சாரக் கம்புக்கும் காற்றுத் தடுப்புக்கும் சவுக்கு செய்யும் வேலையை நாம் அறிவோம். பெர்முடாவின் சுண்ணாம்புப் பாறையில் அது வேறு மாதிரி நடந்துகொண்டது. கீழே சருகு மெத்தை போட்டு மற்றச் செடிகளை முளைக்க விடாமல் செய்தது. கடற்பாறை விளிம்புகளில் வேர்விட்டு, சூறாவளியில் சாயும்போது பாறையையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. இப்போது அங்கே அதுவும் ஆக்கிரமிப்புத் தாவரம்.

காடு போனபோது கூடவே போனவையும் உண்டு. பெர்முடாவுக்கே உரிய ஒரு சில்வண்டு சீடாரை நம்பி வாழ்ந்தது. கோடை இரைச்சலாக இருந்த அதன் குரல் அடங்கிவிட்டது, இனமே அற்றுப்போனது. கஹோ என்ற கடற்பறவையின் கதை மட்டும் வேறு திசையில் திரும்பியது. மூன்று நூற்றாண்டுகளாக அழிந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய அந்தப் பறவையை 1951இல் சிறு பாறைத் திட்டுகளில் உயிரோடு கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுவோடு போன பள்ளி மாணவன் டேவிட் விங்கேட், வளர்ந்து பெர்முடாவின் இயற்கைப் பாதுகாப்பு அதிகாரியானார். 1960களில் நான்சச் என்ற குட்டித் தீவில் குடியேறி, செத்த சீடார் கட்டைகளுக்கு நடுவே மீண்டும் சீடாரையும் உள்ளூர்ப் பனை வகையையும் நட்டார். மரம் வளரும்வரை காற்றைத் தடுக்கச் சவுக்கைத் தற்காலிகக் காவலாகப் பயன்படுத்தினார். ஒரு காலத்தில் கஹோ சீடார் காட்டு மண்ணில் வளை தோண்டி முட்டையிட்டது. பறவை திரும்ப வேண்டுமானால் காடு திரும்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. அவருக்குப் பின் வந்தவர்கள் 2004 முதல் கஹோ குஞ்சுகளைத் தூக்கிவந்து நான்சச்சில் வளர்த்தார்கள். பறவைகள் அங்கே கூடு கட்டத் தொடங்கின.

மரமும் முழுசாகப் போகவில்லை. பிழைத்த நூற்றில் ஒன்று, அதிர்ஷ்டத்தால் மட்டும் பிழைக்கவில்லை. பூச்சியை ஓரளவு தாங்கும் தன்மை அவற்றில் இருந்தது. அவற்றின் விதைகளை எடுத்து அரசுப் பண்ணைகளில் நாற்று வளர்த்துக் கொடுத்தார்கள். இன்று தீவில் வீட்டுத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் இளம் சீடார்கள் நிற்கின்றன. அங்கே கலியாணக் கேக்கின் உச்சியில் ஒரு சீடார் கன்றை வைத்து, விருந்து முடிந்ததும் மணமக்கள் அதை நடுவது மரபு. எனக்குத் தெரிந்து, மரபுச் சடங்கு ஒன்று நேரடியாக ஒரு மரத்தின் எண்ணிக்கையைக் கூட்டும் இடங்கள் அதிகம் இல்லை.

இனிக் கண்டத்துக்குப் போவோம். அங்கேயும் செஞ்சீடாரை மனிதர்கள் விட்டுவைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பென்சில் என்றால் செஞ்சீடார்தான். பிசிறில்லாமல் சீவ வரும், உடையாது, மணக்கும். ஃபுளோரிடாவின் சீடார் கீ என்ற ஊரில் ஃபேபர் நிறுவனம் ஆலை வைத்துப் பென்சில் பலகை அறுத்தது. சுற்றுவட்டார மரம் தீர்ந்ததும் ஆலைகளின் காலமும் முடிந்தது. நல்ல தடிமரங்கள் கிடைக்காமல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்சில் தொழில் மேற்குக் கரையின் வேறொரு மரத்துக்கு மாறிவிட்டது. பெர்முடாவைவிடக் கண்மூடித்தனமான வெட்டு இது. ஆனால் செஞ்சீடாரின் நாடு கனடாவின் தெற்கு விளிம்பிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை விரிந்தது. ஓரிடத்தில் தீர்ந்தால் இன்னோரிடத்திலிருந்து பறவை விதை கொண்டுவரும்.

இந்த மரத்தை உண்மையில் கட்டிப் போட்டிருந்தது கோடரி அல்ல, தீ. பட்டை மெல்லியது, தழையில் எண்ணெய் அதிகம்; எரிந்தால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்காது. அமெரிக்க நடுச் சமவெளியின் புல்வெளிகள் மின்னலாலும் பூர்வகுடியினர் வைத்த தீயாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்தன. புல்லுக்கு அது ஒன்றும் செய்யாது, வேர் மண்ணுக்குள் பத்திரம். செஞ்சீடார் கன்றுகள் மட்டும் கருகின. அதனால் மரம் தீ எட்டாத பாறைச் சரிவுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் ஒதுங்கி வாழ்ந்தது. அத்தகைய பாறை முகங்களில் பல நூற்றாண்டு வயதான குறுமரங்கள் இன்றும் இருக்கின்றன.

குடியேறிகள் பூர்வகுடியினரை விரட்டினார்கள்; கூடவே தீயும் போனது. உழவு, சாலை, வேலி, தீயணைப்பு என்று புல்வெளி துண்டு துண்டாயிற்று. அத்தோடு நிற்கவில்லை. 1930களின் புழுதிப் புயல்களுக்குப் பின் ரூஸ்வெல்ட் அரசு வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை காற்றுத் தடுப்பு மர வரிசைகள் போட்டது. 1934 முதல் 1942 வரை சுமார் 22 கோடி மரங்கள். அவற்றில் செஞ்சீடாரும் ஒன்று. வறட்சியைத் தாங்கும், குளிரைத் தாங்கும், ஆண்டு முழுக்கப் பசுமையாக நிற்கும். குறை சொல்ல முடியாத தேர்வு. அந்த வரிசைகளில் பறவைகள் உட்கார்ந்தன. பிறகு வேலிக் கம்பிகளில் உட்கார்ந்தன. நெப்ராஸ்கா, கான்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களில் இன்று வேலியை ஒட்டிச் செஞ்சீடார் வரிசை நிற்பதைப் பார்த்தாலே விதை எப்படி வந்தது என்று புரிந்துவிடும். அங்கிருந்து அது மேய்ச்சல் நிலத்துக்குள் இறங்கியது. ‘பசும்பனியாறு’ என்று அங்குள்ள ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். மெதுவாக வந்து எல்லாவற்றையும் மூடிவிடுவதால்.

மூடிய இடத்தில் புல் செத்தது, மாட்டுக்குத் தீனி குறைந்தது. புல்வெளிக் கோழிகள் மரத்தைக் கண்டாலே விலகிப் போகும் சுபாவம் உள்ளவை, மரத்தில் பருந்து உட்கார்ந்திருக்கும் என்ற பழைய பயம். ஒரு ஹெக்டேரில் சில மரங்கள் முளைத்தாலே அந்த இடம் அவற்றுக்கு இல்லாமல் போகிறது. சிறு சிறு தீயை மறுத்த நிலம் பெருந்தீயையும் சேர்த்து வைத்தது. 2016 மார்ச்சில் ஓக்லஹோமாவில் பற்றிக் கான்சஸுக்குள் பாய்ந்த ஆண்டர்சன் கிரீக் தீ மூன்றரை இலட்சம் ஏக்கருக்கும் மேல் எரித்தது. எண்ணெய் நிறைந்த செஞ்சீடார்கள் அதற்கு நல்ல எரிபொருள். இப்போது பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடி, ஒருவர் நிலத்துக்கு மற்றவர் காவல் நின்று, திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். கன்றாக இருக்கும்போதே எரித்தால் செலவு சொற்பம். ஆளுயரத்துக்கு மேல் போய்விட்டால் இயந்திரம் வைத்து ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில் சிவப்புப் பட்டியலைப் படித்தால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெளிவாகும். அது ஓர் இனம் உலகத்திலிருந்து மறைந்துபோகும் அபாயத்தை மட்டும் அளக்கிறது. அந்த இனம் தன் இடத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது அதன் கேள்வியே இல்லை. செஞ்சீடாருக்கு அந்த அபாயம் இல்லை. ஆகவே ‘கவலை குறைந்தது’. ஓக்லஹோமாப் பண்ணைக்காரரிடம் போய் இந்த வகைப்பாட்டைச் சொன்னால் சிரிப்பார்.

பெர்முடா மரத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. நாற்றுகள் பெருகுகின்றனவே, ஏன் இன்னும் அழிவின் விளிம்பு? ஒரு காரணம், பட்டியலின் காலக் கணக்கு. ஓர் இனம் எவ்வளவு சரிந்தது என்பதைக் கடந்த பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், எது நீளமோ அதில் பார்க்கிறார்கள். பூச்சிக்கு மூன்று தலைமுறை ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடலாம். நெடுநாள் வாழும் மரத்துக்கு அது ஒரு நூற்றாண்டைத் தாண்டும். 1940களின் சரிவு இன்னும் அந்தச் சாளரத்துக்குள்தான் இருக்கிறது. 80 சதவீதச் சரிவே மிக உயர்ந்த அபாயப் படிக்குப் போதும். காரணம் நீங்கிவிட்டது என்று காட்ட முடிந்தால் 90. இங்கே சரிந்தது அதற்கும் மேல். இன்னொரு அளவுகோல் பரவல்: பரவல் எல்லை 100 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்து, துண்டாடலோ தொடர்ந்த சரிவோ போன்ற கூடுதல் நிபந்தனைகளும் சேர்ந்தால் அதே படி. தீவின் மொத்த நிலமே 53 என்னும்போது, முதல் மனிதன் வரும் முன்பே, காடு செழித்த நாளிலும், இந்த மரம் அந்த எல்லைக்குள்தான் நின்றுகொண்டிருந்தது. புனித ஹெலினா தீவிலும் ஹவாயிலும் நட்டவை பெருகி நிற்கின்றன என்றாலும், தாயகத்துக்கு வெளியே அவ்வாறு நட்டவை இந்தக் கணக்கில் பொதுவாகச் சேர்வதில்லை.

இரண்டு மரங்களையும் இவ்வளவு நேரம் தனித்தனியே பேசிவிட்டேன். அவை இன்று தனித்தனியே இல்லை என்பதுதான் சிக்கல். 1950களில் தீவு மொட்டையானபோது சவுக்கோடு சேர்த்துச் செஞ்சீடாரையும் கொண்டுவந்து நட்டார்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும், பூச்சியையும் தாங்கும். யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். தனித்து வளர்ந்த காலம் இரண்டையும் வேறு இனங்களாக்கியதே தவிர, கலக்க முடியாதவையாக ஆக்கவில்லை. ஜூனிப்பர்களின் டிஎன்ஏவை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ராபர்ட் ஆடம்ஸ், விங்கேட்டோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் பெர்முடாவில் கலப்பின மரங்கள் இருப்பதை உறுதி செய்தார். கலப்பினம் பூச்சியைத் தாங்கினால் நல்லதுதானே என்று கேட்கலாம். தீவைப் பசுமையாக்குவது மட்டுமே நோக்கம் என்றால் நல்லதுதான். சவுக்கு நட்டவர்களின் வாதமும் அதுவே. ஆனால் பெர்முடியானா என்று ஒரு மரம் உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. மிச்சமிருக்கும் சிறு கூட்டத்துக்குள் பெருங்கூட்டத்தின் மரபணு கலந்துகொண்டே போனால், மரங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டிருக்கும்போதே இனம் கரைந்துவிடும்.

நாற்றுப் பண்ணைக்காரருக்கு இது நடைமுறைத் தொல்லை. பூச்சியைத் தாங்கிய கிழட்டுத் தாய் மரத்தில் பறித்த விதை என்பது மட்டும் இனி போதாது. தாய் பழைய பெர்முடா மரமாகவே இருக்கலாம். அந்த விதைக்கு மகரந்தம் அனுப்பிய மரம் எது என்பது காற்றுக்குத்தான் தெரியும். கன்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆகவே விதை எடுக்கும் முன் சுற்றிலும் செஞ்சீடார் ஏதும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால், அது எவ்வளவு அழகான மரமாக இருந்தாலும், வீட்டுக்காரரிடம் போய் வெட்டிவிடச் சொல்லிக் கேட்க வேண்டும்.